ஏழாம் குழியின் வழுக்கை

காலையில் கூடத்துக்கு வந்ததும் காற்றைத் திறந்துவிடுவதுதான் என் முதல் வேலை. மேற்குச் சுவர் நெடுக ஆளுயர விசிறிகள் இருக்கும். விசையைத் தட்டினால் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரைக் காற்று பீளமேட்டில் வீசத் தொடங்கும். உப்பும் ஈரமும் கலந்த குளிர். வெளியே தார் உருகுகிற வெயிலில் வந்து இறங்கியவளுக்குக் கொஞ்ச நேரத்தில் மூக்கு ஒழுகும். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, காட்சிக்கவசத்தைக் கண்ணுக்கு இறக்கி, கில்மாரன் கோல்ஃப் மைதானத்தின் முதல் குழியிலிருந்து நடக்க ஆரம்பிப்பேன். நடந்துகொண்டே புல்லைத் திருத்துவேன்.

என் பெயர் மகிழினி. நான் கோல்ஃப் ஆடியதே இல்லை. ஒரு வெள்ளைப் பந்தைத் தடியால் தட்டித் தட்டிப் பதினெட்டுக் குழிகளில் போடுவதற்கு இவ்வளவு நிலமா என்று முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நாலு தென்னந்தோப்பு வைக்கலாம். ஆனால் ஒரு இடத்தைப் புல் புல்லாக, மேடு மேடாகக் கையால் செய்து பாருங்கள், அது உங்களை விடாது. எந்தச் சரிவில் பந்து இடப்பக்கம் உருளும், எந்த மணற்குழியின் விளிம்பில் முயல் பறித்த பொந்து இருக்கிறது, மழை பெய்த மறுநாள் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், எல்லாம் எனக்கு மனப்பாடம். ஸ்காட்லாந்து மண்ணை மிதிக்காமலே அந்த ஊர்க்காரியாகிவிட்டேன்.

எங்கள் நிறுவனம் செய்வது கணினி விளையாட்டு என்றுதான் வெளியில் சொல்வோம். ‘பசும்பரப்பு’ என்று பெயர். உலகத்தின் நல்ல கோல்ஃப் மைதானங்கள் எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் உட்கார்ந்தபடி எவரும் ஆடலாம். ஆனால் இப்போது அது விளையாட்டு மட்டும் இல்லை. நிகர்நிலச் சட்டம் வந்த பிறகு எதுவுமே விளையாட்டு மட்டும் இல்லை.

கடல் ஏறிக்கொண்டே வருகிறது. எல்லாக் கரைக்கும் சுவர் கட்ட உலகத்தில் கல் இல்லை. அதனால் நாடுகள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தன. ஒரு இடத்தைக் கணினிக்குள் அப்படியே இம்மி பிசகாமல் செய்துவிட்டால், அதுதான் அந்த இடத்தின் நிகர்நிலம். நிகர் செல்லும் என்று வாரியம் முத்திரை போட்டுவிட்டால், அசல் இடம் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். அங்கே இருக்கும் கடற்சுவரைப் பிரித்துக் கல்லை வேறு எங்காவது கொண்டுபோவார்கள். நம் பக்கத்திலேயே நாலைந்து கடற்கரை ஊர்கள் அப்படிப் போயிருக்கின்றன. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை அந்த ஊர்களின் நிகருக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள். பிள்ளைகள் திரும்பி வந்து, கடல் ரொம்ப அழகாக இருந்தது என்கிறார்கள்.

முத்திரைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த இடத்தில் பல காலம் புழங்கிய ஒருவர் சாட்சியாக வர வேண்டும். நிகருக்குள் நடந்து பார்த்து, ‘ஆம், இது அதுவே’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மூன்று அமர்வு கொடுப்பார்கள். மூன்றிலும் இல்லை என்றால், அந்த இடத்தின் சுவரை ஒரு தலைமுறைக்குத் தொட முடியாது. சாட்சி சொல்லி முடிக்கும்வரை அவர் அசல் இடத்துக்குப் போகக் கூடாது. ஒப்பிட்டுப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கக் கூடாதாம். நினைவுதான் அளவுகோலாம். இந்த விதியைப் படித்தபோது நான் ஒன்றும் நினைக்கவில்லை. அலுவலக விதிகள் எல்லாவற்றையும் போல அதையும் படித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

கில்மாரனுக்குச் சாட்சியாக வந்தவர் ஒரு தமிழர் என்று தெரிந்ததும் கூடமே குதூகலித்தது. டாக்டர் குகநேசன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறு வயதிலேயே ஊரைவிட்டுக் கிளம்பி, கில்மாரனில் நாற்பது வருடம் வைத்தியம் பார்த்தவர். எண்பதை நெருங்குகிறார். எங்கள் தலைவர் லோகித் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார்.

“மகிழினி, அடிச்சுது பாருங்க யோகம்! நம்ம ஆளு. நீங்களே கூட நடந்து காட்டிருங்க. ஒரே அமர்வுல முடிச்சிரலாமுங்க.”

“முடியட்டும், முடியட்டும். புல்லு ஒவ்வொண்ணையும் நான் கையால நட்டுருக்கேனுங்க. இல்லைன்னு எந்த வாய் சொல்லும்?” என்றேன். அவ்வளவு திமிர் எனக்கு.

முதல் அமர்வு பங்குனியில் நடந்தது. அவர் கில்மாரனில் தன் வீட்டு அறையில் கவசம் மாட்டி நின்றார். நான் இங்கே. இரண்டு பேரும் நிகருக்குள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். நெட்டையான, கொஞ்சம் கூன் விழுந்த உருவம். முழங்கால் வலி உள்ளவர் நடை. வாரியத்திலிருந்து மாக்ரே என்ற அம்மாள், மெல்லிய குரல்காரி, எங்கோ இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசுவது எங்கள் காதில் தமிழாக விழும், எங்கள் தமிழ் அவருக்கு ஆங்கிலமாக.

“நான் கோல்ஃப் ஆடுறவன் இல்லைப் பிள்ளை,” என்றார் டாக்டர். “என்ரை மனுசிதான் ஆடினவ. தயாளினி. நான் அவவின்ரை பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலை திரிஞ்சனான். முப்பது வருசம் இஞ்சை சும்மா நடந்திருக்கிறன்.”

“அவங்களும் வந்திருக்கலாமே சார்?”

“அவ போன ஐப்பசியிலை மோசம் போயிட்டா.”

அவர் ஒவ்வொரு குழியாக நின்று பார்த்தார். முயல் பொந்தைக் கண்டதும் சிரித்தார். மூன்றாம் குழியின் மரப்பலகையில் ஆணி துருத்திக்கொண்டிருந்த இடத்தைத் தடவப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. ஆறாவது தாண்டி ஏழாம் குழிக்கு வந்தோம். அங்கே முதல் அடி அடிக்கிற மேடைக்கு வலப்பக்கம் கடலைப் பார்த்தபடி ஒரு சின்னச் சரிவு உண்டு. அவர் அங்கே போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பாக்கிப் பதினோரு குழியையும் அவர் சரியாகப் பார்க்கவே இல்லை.

கடைசியில் மாக்ரே கேட்டார்: “இது அதுவா?”

“இல்லை,” என்றார் டாக்டர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எது இல்லை, எங்கே இல்லை என்று சாட்சி சொல்லத் தேவையில்லை. சட்டம் அப்படி. அவரும் சொல்லவில்லை. நான் கவசத்தைக் கழற்றி மேசையில் எறிந்தேன். அடுத்த இரண்டு மாதம் பைத்தியம் பிடித்தவள் மாதிரி வேலை பார்த்தேன். கடற்பறவையின் சத்தத்தை மாற்றினேன். மணலின் நிறத்தை மாற்றினேன். மண் வாசனையை மாற்றினேன். வைகாசியில் இரண்டாம் அமர்வு. மறுபடியும் ஏழாம் குழி, மறுபடியும் அந்தச் சரிவு, மறுபடியும் “இல்லை.”

“வேணும்னே பண்றாருங்க அந்த மனுசன்!” என்று லோகித்திடம் கத்தினேன். “பிடிவாதம். எதையும் சொல்லாம இல்லை இல்லைன்னா என்னங்க அர்த்தம்?”

“பொறுங்க. இன்னும் ஒண்ணு இருக்குது. நீங்க போன் போட்டுப் பேசிப் பாருங்க. அமர்வுக்கு வெளிய பேசக் கூடாதுன்னு சட்டத்துல இல்லைங்களே.”

சண்டை போடத்தான் கூப்பிட்டேன். அது அவருக்குக் குரலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

“கோவிக்காதை பிள்ளை,” என்றார். “நீர் செய்தது அருமையான வேலை. நான் பொய் சொல்லேல்லை. ஏழாம் குழியிலை ஒண்டு இல்லை.”

“என்ன இல்லைங்க? சொல்லுங்க சார், வெச்சுத் தர்றேன்.”

“வைக்கக் கூடாது எண்டுதான் சொல்லாமல் இருக்கிறன்.”

பிறகு அவராகவே சொன்னார். கில்மாரனில் யாராவது இறந்தால் சாம்பலைக் கொஞ்சம் மைதானத்தில் தூவுவது வழக்கம். கிளப்காரர்கள் தடுத்துப் பலகை வைத்திருக்கிறார்கள், ஆனாலும் செய்வார்கள். அந்தச் சரிவில்தான் தயாளினி தன் முறைக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். விடியற்காலையில் இவர் சாம்பலைக் கொண்டுபோனார். தூவ வேண்டும் என்றுதான் போனார். தூரத்தில் புல் வெட்டுகிற வண்டி வருவதைப் பார்த்ததும் பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டு வந்துவிட்டார்.

“கள்ளன் மாதிரி ஓடி வந்தனான். நாற்பது வருசம் ஊருக்கு டொக்டர். பதினைஞ்சு நாள் போகப் போய்ப் பாத்தால், ஒரு சுளகு அளவுக்குப் புல்லு கருகி மொட்டையாக் கிடக்குது. சாம்பல் கூடிப்போனால் புல்லைச் சுட்டுப்போடும் போலை. எனக்கு அழுகை வந்திட்டுது. பேந்து நினைச்சன், சரி, எனக்கு ஒரு அடையாளம் கிடைச்சிட்டுது எண்டு. சாட்சிக்கு ஒத்துக்கொள்ளுற வரைக்கும் நாளுக்கொருக்காப் போவன். மொட்டைக்குப் பக்கத்திலை நிண்டு கொஞ்சம் கதைச்சிட்டு வருவன்.”

அவரே தொடர்ந்தார்.

“உம்மடை நிகரிலை அந்த மொட்டை இல்லை. அதாலை நான் உண்மையா இல்லை எண்டு சொல்லலாம். விளங்குதோ? சுவரைப் பிரிச்சால் ஏழாம் குழிதான் முதல்லை போகும். கடலுக்கு அதுதான் கிட்ட. ஒரு ஊர் விட்டு வந்தாச்சு. இதையும் விட எனக்குச் சீவன் இல்லைப் பிள்ளை.”

“அந்தக் கல்லெல்லாம் எங்க போகுதுன்னு தெரியுங்களா சார்?” என்று கேட்டேன். ஏதாவது ஒரு ஊரைக் காப்பாற்றப் போகிறது என்று சொல்லி அவரையும் என்னையும் சமாதானப்படுத்தலாம் என்று நினைத்தேன்.

“தெரியும். கணினிக் கொட்டகைக்கு.”

உண்மைதான். நிகர்நிலங்களை எல்லாம் சேமித்து வைத்திருக்கும் கட்டடங்கள் கில்மாரனிலிருந்து கொஞ்சம் வடக்கே, அதே கடற்கரையில்தான் இருக்கின்றன. குளிர் வேண்டும் என்று அங்கே கட்டினார்கள். ஒரு இடத்தைக் காப்பதா, ஆயிரக்கணக்கான இடங்களைக் காப்பதா என்பது வாரியத்தின் கேள்வி. கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு அவ்வளவு வயிற்றெரிச்சல்.

போனை வைத்ததும் அளவெடுப்புப் பதிவைத் திறந்தேன். கில்மாரனை அளவிடும் பறக்கும் கருவிகள் போன மார்கழியில் போனவை. அவை எடுத்ததில் ஒன்று விடாமல் எல்லாம் இருக்கும். ஏழாம் குழி, வலப்பக்கச் சரிவு. இருந்தது. ஒரு முறத்தளவு வழுக்கை. விளிம்பில் கருகிய வேர்கள். நடுவில் சாம்பல் நிற மண். அப்படியானால் நிகரில் எப்படி இல்லாமல் போனது?

சீராளன். அவன் வேலைதான். சீராளன் என்பது எங்கள் துப்புரவு நிரல். அளவெடுக்கும்போது கருவி தடுமாறிச் சில இடங்களில் ஓட்டை விழும். அவற்றைக் கண்டுபிடித்துப் பக்கத்துப் புல்லைக் கொண்டு ஒட்டுப்போடுவது அவன் பணி. கழுவின பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவுகிறவர்கள் வீட்டுக்கு ஒருத்தர் இருப்பார்களே, அந்த ரகம். அந்த வழுக்கையையும் கருவிக் கோளாறு என்று நினைத்து மூடிவிட்டான். மனிதக் கண் எதுவும் அதைப் பார்க்கவே இல்லை, என் கண் உட்பட.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் என் கை பரபரத்தது. என் வாழ்நாளின் நல்ல வேலை அது. அதில் ஒரே ஒரு குறை. ஒரு விரல் அசைத்தால் தீர்ந்துபோகும். யாருக்குத்தான் ஆசை வராது? கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அந்த மனிதர் மார்கழிக் குளிரில் கள்ளனைப் போல ஒளிந்து ஒளிந்து ஒரு மொட்டைத் தரையோடு பேசிக்கொண்டிருப்பது கண்ணில் வந்தது. இருக்கட்டும், இந்த ஒன்று இல்லாமலே இருக்கட்டும் என்று தீர்மானித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நல்லபடியாக வந்த இடத்தை வேறு யாரும் கெடுத்துவிடாமல் இருக்க அதன்மேல் பூட்டுப் போடுவோம். வேலை பழகிய நாளிலிருந்து கையோடு வந்த பழக்கம். அந்தச் சரிவின்மேல் ஒரு பூட்டுப் போட்டேன். யாரும் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

மூன்றாம் அமர்வுக்கு முந்தைய தினம் டாக்டரே கூப்பிட்டார். பேச்சுவாக்கில் நான் கேட்டேன்: “நாளைக்கு ஒரு வார்த்தைதானுங்க சார். இல்லைன்னு சொல்லிருவீங்கல்ல?”

“அது இல்லாட்டி இல்லை எண்டுதான் சொல்லுவன்.”

“இருந்தாலும் இல்லைன்னு சொல்லிரலாமுங்களே? யார் வந்து கேக்கப் போறாங்க?”

அவர் சிரித்தார். “தயாளினியைப் பற்றி ஒண்டு சொல்லுறன் கேளும். கோல்ஃபிலை நடுவர் எண்டு ஒருத்தர் பின்னாலை வாறதில்லை. அவரவர் பிழையை அவரவர்தான் சொல்லவேணும். ஒருக்கா கிளப் கோப்பை இறுதி ஆட்டம். ஏழாம் குழியிலை, நீண்ட புல்லுக்குள்ளை பந்து கிடக்குது. இவ தடியை வைக்கேக்கை பந்து ஒரு மயிரிழை அசைஞ்சிட்டுது. ஒருத்தரும் காணேல்லை. பக்கத்திலை நிண்ட நானே காணேல்லை. இவ கையைத் தூக்கி, ஒரு அடி கூட்டிப் போடுங்கோ எண்டிட்டா. குறைஞ்ச அடியிலை முடிக்கிறவைக்குத்தான் வெற்றி, அந்த ஒரு அடியாலை கோப்பை போச்சு. வீட்டை வந்து நான் பேசினன், ஆர் பாத்தது, ஏன் சொன்னனீர் எண்டு. அவ என்ன சொன்னவ தெரியுமோ? ‘நான் பாத்தனான்’ எண்டா. அவ்வளவுதான். பேந்து சமைக்கப் போயிட்டா.”

கதையைச் சொல்லி முடித்துவிட்டு அவரே சேர்த்துச் சொன்னார்.

“அவ கிடக்கிற இடத்திலை நிண்டுகொண்டு நான் பொய் சொல்லேலாது பிள்ளை.”

“பொய்யே வேண்டாமுங்க. அது அங்க இல்லை. நான் பூட்டே போட்டு வெச்சிருக்கேன்,” என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா!

ஆடியில் மூன்றாம் அமர்வு. வழக்கம்போலக் காற்றைத் திறந்துவிட்டேன். டாக்டர் அன்று உற்சாகமாக இருந்தார். என்னைச் சீண்டினார். “உம்மடை காத்து இண்டைக்குக் கொஞ்சம் கூடப்போலை கிடக்கு. மின்சாரக் காசு ஆர் கட்டுறது?” என்றார். முதல் குழி, இரண்டாம் குழி என்று சாவகாசமாகக் கடந்தோம். மாக்ரே கேட்டுக்கொண்டே வந்தார். ஏழாம் குழிக்கு வந்தோம். எனக்குப் பயமே இல்லை. அவர் கடமைக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற மாதிரி அந்தச் சரிவுப் பக்கம் போனார்.

போனவர் அப்படியே நின்றார்.

வழுக்கை இருந்தது. ஒரு முறத்தளவு. விளிம்பில் கருகிய வேர்கள். அசல் பதிவில் இருந்தது இருந்தபடி.

அட பாவி சீராளா! எனக்குப் பிறகுதான் விளங்கியது. சட்டம் வந்த பிறகு எங்கள் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். கையால் பூட்டுப் போட்ட இடங்களில் யாராவது தில்லுமுல்லு செய்திருக்கலாம் என்று, அமர்வுக்கு முன் சீராளன் அவற்றை மட்டும் அசல் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். ஒத்துப்போகாவிட்டால் அசலை வைத்துவிடுவான். நான் பூட்டாமல் விட்டிருந்தால் அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டான். அவன் மூடி மறந்துவிட்ட இடத்தை விரல் நீட்டிக் காட்டிக்கொடுத்தவள் நான்தான்.

டாக்டர் முழங்கால் வலியோடு மெல்ல மெல்ல உட்கார்ந்தார். இங்கே பீளமேட்டுக் காற்று என் காதில் இரைந்துகொண்டிருந்தது. அவர் வழுக்கையின்மேல் கையை வைத்தார். அவருக்கு அங்கே வெறும் அறைத் தரைதான் தட்டுப்பட்டிருக்கும்.

“சார்,” என்றேன். “சார், எந்திரிங்க. வேண்டாமுங்க.”

“தயா,” என்றார் அவர், என்னிடம் அல்ல.

மாக்ரேயின் மெல்லிய குரல் வந்தது. “டாக்டர், முழுதும் நடக்க விருப்பமா, இங்கேயே சொல்கிறீர்களா? இது அதுவா?”

அவர் என்னைப் பார்த்தார். கவசத்துக்குள் முகம் தெரியாது, உருவம்தான் தெரியும். ஆனாலும் பார்த்தார் என்று தெரிந்தது. நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று சொல்லுங்கள், ஒரே ஒரு வார்த்தை, இல்லை என்று சொல்லுங்கள் என்று. அவர் கை அந்த மொட்டைத் தரையைவிட்டு எழவில்லை.

“ஓம்,” என்றார். “இது அதுவே.”

அன்று மாலை கூடத்தில் கேக் வெட்டினார்கள். நான் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அவரிடமிருந்து காட்சி அழைப்பு வந்தது. எடுத்ததும் முகம் தெரியவில்லை. புல் தெரிந்தது. சாட்சியம் முடிந்துவிட்டதால் இனி அசல் இடத்துக்குப் போகலாம் என்று விடிந்ததும் கிளம்பிப் போயிருக்கிறார்.

“பார் பிள்ளை,” என்றார். “நல்லாப் பார்.”

“என்னங்க சார், எங்க நிக்கிறீங்க?”

“ஏழாம் குழி. சரிவு. மொட்டை கிடந்த இடம். பார், முளைச்சிட்டுது.”

மொட்டை இல்லை. அந்த இடம் முழுக்கப் புல். சுற்றியிருந்த புல்லைவிட அடர்த்தியாக, சுற்றியிருந்ததைவிடப் பச்சையாக, ஒரு முறத்தளவுக்குத் தழைத்துக் கிடந்தது. குளிர்காலத்தில் சுட்ட சாம்பலே மழையில் கரைந்து உரமாகியிருக்கிறது. அவர் அங்கே போகக் கூடாதிருந்த அந்த மாதங்களில், பங்குனிக்கும் ஆடிக்கும் இடையில், யாரும் பார்க்காமல் முளைத்திருக்கிறது.

“நான் பிழையாச் சொல்லிப்போட்டன்,” என்றார். “அது இது இல்லை. அங்கை அவ மொட்டையாக் கிடக்கிறா. இஞ்சை அவ முளைச்சிட்டா. நான் சொன்னது பிழை. ஆருக்குச் சொல்லவேணும்? அந்த மாக்ரேக்குச் சொல்லும் பிள்ளை. ஒரு அடி கூட்டச் சொல்லும். என்ன தண்டம் எண்டாலும் கட்டுறன்.”

அவர் போனைத் திருப்பியபோது பின்னால் கடற்சுவர் தெரிந்தது. மஞ்சள் நிறப் பாரந்தூக்கி ஒன்று ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. நிகர் முத்திரை பெற்ற இடத்தில் ஒரு பொழுதுகூட வீணாக்க மாட்டார்கள்.

நான் மாக்ரேயோடு பேசினேன். பேசினேன் என்பதைவிடக் கெஞ்சினேன். அவர் கடைசிவரை குரலை உயர்த்தவில்லை.

“உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் சாட்சி சொன்னது நிலத்தைப் பற்றி அல்ல, நினைவைப் பற்றி. அவர் நினைவில் அந்த இடம் எப்படி இருந்ததோ அப்படியே நிகரிலும் இருந்தது. அதற்குத்தான் ஆம் என்றார். அது உண்மையான சாட்சியம்.”

“அப்ப நிலத்துல இருக்கிறது?”

“நிலம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அதை நாங்கள் அளவுகோலாக எடுத்துக்கொள்வதில்லை.”

லோகித்திடம் போனேன். ஒரு முறத்தளவு புல் மட்டும் நிகரில் நட்டுவிடுகிறேன், வேறு எதுவும் கேட்கவில்லை என்றேன். அவர் நல்ல மனிதர்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“முத்திரை விழுந்திருச்சுங்க. ஒரு புல்லைக்கூட மாத்த முடியாது. மாத்தினா, அது நிகரே இல்லைன்னு ஆயிரும். அப்ப அங்க கல்லை எடுத்ததும் தப்புன்னு ஆயிருமுங்களே. யாரும்மா ஒத்துக்குவாங்க?”

“வளர்ற புல்லுங்க அது!”

“இங்க வளராதுங்க மகிழினி. வளராம இருக்கிறதுக்குத்தான நமக்குச் சம்பளம்.”

அந்தக் குளிர்காலத்தில் கில்மாரன் கடலுக்குள் போய்விட்டது. ஏழாம் குழி முதலில். டாக்டர் சொன்னபடியேதான். அந்தக் கல்லெல்லாம் வடக்கே கொட்டகையைச் சுற்றி அடுக்கியிருக்கிறது. அதற்கு உள்ளே கில்மாரன் பத்திரமாக இருக்கிறது. பசும்பரப்பில் அதிகம் பேர் ஆடுகிற மைதானம் இப்போது அதுதான். புல் அசல் மாதிரியே இருக்கிறது என்று உலகம் முழுக்கப் பாராட்டுகிறார்கள். ஒரே ஒரு புகார் மட்டும் அடிக்கடி வருகிறது. ஏழாம் குழியின் வலப்பக்கம் அசிங்கமாக ஒரு வழுக்கை இருக்கிறது, சரிசெய்யவும் என்று.

டாக்டர் மேட்டுப்பகுதியில் ஒரு வீட்டுக்கு மாறிவிட்டார். சாட்சிகளுக்கு ஆயுள் முழுக்க இலவச அனுமதி உண்டு. அவர் இப்போது ஆடக் கற்றுக்கொண்டிருக்கிறார். தினமும் நிகருக்குள் வருகிறார். தயாளினியின் பையை வீட்டு அறையில் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, அவளுடைய தடியால் ஆடுகிறார். மகா மோசமான ஆட்டம். பந்து கடலுக்குத்தான் போகும். நான் சில நாள் கூட நடப்பேன்.

ஏழாம் குழி முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் தன் கணக்கில் ஒரு அடி கூட்டிப் போடுகிறார். விளையாட்டுக்கு அது புரிவதில்லை. ‘தவறு எதுவும் பதிவாகவில்லை. கூட்டிய அடியை நீக்கவா?’ என்று ஒரு பெண் குரல் பணிவாகக் கேட்கும்.

“வேண்டாம்,” என்பார் டாக்டர். “நான் பாத்தனான்.”

பிறகு அந்த வழுக்கைப் பக்கம் கொஞ்ச நேரம் நிற்பார். எட்டாம் குழிக்குப் போவார்.

நாளின் முடிவில் சீராளன் எல்லார் கணக்கையும் துப்புரவு செய்வான். காரணம் இல்லாமல் கூட்டியிருக்கும் அந்த ஒரு அடியைக் கண்டுபிடித்து அழித்துவிடுவான். தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை. மறுநாள் காலையில் நான் காற்றைத் திறந்துவிடும்போது டாக்டரின் கணக்கு சுத்தமாக இருக்கும். அவர் வந்து முதல் குழியிலிருந்து ஆரம்பிப்பார்.